சம்பந்தி காதில் பேசிய சுவர்

கட்டடக்கலைப் பொறியியல் படிக்கும் பெண்ணை விசேஷ வீட்டு வேலைக்கு அனுப்பக் கூடாது. போன வேலையை மறந்துவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் நின்றிருக்கிறேன்.

அப்பாவுக்கு நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை. பள்ளிக்கூடம் விட்டதும் பாதி முடிந்த லாரிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்வேன். வெளியே சுத்தியல் விழும். அந்த ஓசை தகரத்தில் பட்டு, மரத்தில் அமுங்கி, என்னைச் சுற்றி ஊர்ந்து போகும். (வீட்டுப்பாடம் எழுதுகிறேன் என்று அப்பா நம்பியிருந்தார்.) கல்லூரியில் மற்றவர்கள் உயரமான கோபுரங்களைக் கனவு கண்டபோது, ஓர் அறைக்குள் ஓசை எப்படி நடமாடும் என்று நான் கனவு கண்டேன்.

மூன்றாம் ஆண்டில் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். மண்டபம் புதிது, முழு வட்டம். மேலே கண்ணாடி வழியே இறங்கிய வெளிச்சம் தரையில் குளம்போலத் தேங்கியிருந்தது. வழவழவென்று சுற்றிவரும் சுவரைப் பார்த்ததுமே எனக்குக் கண் சொக்கிவிட்டது.

அம்மா வெற்றிலைத் தட்டைக் கையில் கொடுத்து, "மேடையில வெச்சுட்டு ஓடியா அம்மிணி" என்றாள்.

மேளக்காரர்கள் காபிக்குப் போயிருந்ததால் மண்டபம் சற்று அடங்கியிருந்தது. சுவரோரமாக நடந்தபோது யாரோ என் காதருகே இருமினார்கள். திரும்பினால் ஆளில்லை. எதிர்ப்புறம், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி, மாப்பிள்ளையின் அப்பா துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு தூரத்து இருமல் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து என்னிடம் வந்திருக்கிறது.

என் குரலும் அங்கே போகுமா? சுவரில் கன்னத்தை வைத்தேன். ஏதாவது பேச வேண்டுமே. காலையிலிருந்து சமையல்கட்டில் அம்மா புலம்பியதுதான் வாயில் வந்தது.

"நூறு பேருன்னு சொல்லிட்டு ஊரையே கூட்டியாந்திருக்காங்க. பாயசத்துல தண்ணியை ஊத்துங்க."

சுவர் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு என் கம்மலுக்குப் பக்கத்தில் நிதானமான ஆண்குரல் கேட்டது.

"ஏனுங்க, யாருங்க பேசறது?"

புத்தியுள்ளவள் ஓடியிருப்பாள். எனக்கோ பரவசம்.

"நல்லாக் கேக்குதுங்களா?"

"தெளிவாக் கேக்குதுங்க."

"கடைசி வார்த்தை வரைக்குங்களா?"

"ஊத்துங்கன்னு முடிஞ்சுதுங்க."

"ரொம்ப சந்தோசமுங்க. நான் பொண்ணோட தங்கச்சிங்க."

அவர் எழுந்து என்னைத் தேடியபோதுதான் கனவு கலைந்தது. தட்டு சரிந்து எலுமிச்சம்பழங்கள் உருண்டன. அவர் நேராக அப்பாவிடம் போனார். மேடையில் அக்கா ஒன்றும் அறியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் மாதக்கணக்கில் போனில் பேசிப் பேசிக் கட்டிய வாழ்க்கையை ஒரே வாக்கியத்தில் இடித்துவிட்டேன் என்று நினைத்தேன். பழங்களை அப்படியே விட்டுவிட்டு அவர் பின்னால் ஓடினேன்.

"சம்பந்தி," என்றார் அவர். "சொன்னதுக்கு மேல ஆளு வந்துட்டாங்க, எங்க தப்புதானுங்க. பால் வாங்கியாரப் பசங்களை அனுப்பறேன். பாயசத்துல தண்ணி மட்டும் வேண்டாமுங்க."

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்தது. அவள் பார்வைக்கு வளைந்த சுவர் எதுவும் தேவைப்படவில்லை. நேராகவே வந்து என்மேல் நின்றது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது (வேறு மண்டபத்தில்). நான் படித்து முடித்ததும் அக்காவின் மாமனார் தன் வீட்டு மாடிக்கு என்னையே வரைபடம் போடச் சொன்னார். ஒரே நிபந்தனை: "மூலை நாலும் மூலையாவே இருக்கோணும் சாமி."

அப்படியே கட்டிக் கொடுத்தேன். இருந்தாலும் நான் அங்கே போகும்போதெல்லாம், அக்காவின் மாமியார் குடும்ப விஷயம் எதையும் சட்டென்று தொடங்குவதில்லை. முதலில் சுவரை ஒரு தட்டுத் தட்டி, "நல்லாக் கேக்குதுங்களா?" என்று விசாரித்துவிட்டுத்தான் பேச்சுக்கு வருவார்.