மரைக் கொம்பு தேர்ந்தெடுத்த குண்டுகள்

கொம்புச் சாமி எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு எழுந்தருளிய பதினைந்தாம் நாள், சனிக்கிழமை, உடப்புசல்லாவை பஸ் எங்கள் வளைவில் வந்து நின்றது. வழக்கமாக இரண்டு பேர் இறங்குவார்கள். அன்று நாற்பது பேர் இறங்கினார்கள். பஸ் காலியாகிவிட்டதால் கண்டக்டரும் இறங்கி வந்தார். டிரைவர் மட்டும் கொஞ்ச நேரம் ஹாரன் அடித்துப் பார்த்தார். பிறகு தனியாக உட்கார்ந்து என்ன செய்வது என்று அவரும் வந்துவிட்டார்.

வந்தவர்கள் கையில் கோழி, தேங்காய், எலுமிச்சம்பழம். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் மடியில் குண்டு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். துப்பாக்கி இல்லாதவர்களும் வந்திருந்தார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று. தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டும் அழகன் ஒரு பை நிறையக் கவண்கல் கொண்டுவந்தான். சாமி ஒவ்வொரு கல்லின்மேலும் கொம்பைக் காட்டிவிட்டு, "கல்லுக்கு மரையோட மொகம் தெரியாது" என்று தள்ளிவிட்டார். காணிக்கைக் கோழியை மட்டும் தள்ளவில்லை.

டவுனில் இரும்புக்கடை வைத்திருக்கும் மஃறூப் நானா ஒருவர்தான் வெறுங்கையோடு வந்தவர். "சாமிய பாக்க வந்தீங்களா நானா?" என்று கேட்டேன். "யாவார விசயம்" என்று சொல்லி ஓரமாக நின்றுகொண்டார்.

நான் இந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. எட்டாம் வகுப்புப் பாஸ். அதனால் என்னை வரிசையில் முன்னால் விட்டார்கள். படித்தவனுக்கு ஏமாறுவதில் கூட முதலிடம் உண்டு.

கதை துரையிலிருந்து தொடங்குகிறது. சுதந்திரம் கிடைத்து எட்டு வருஷம் பொறுத்துப் பார்த்த எங்கள் வெள்ளைக்காரத் துரை, ஒன்பதாம் வருஷம் கப்பல் ஏறினார். ஏறும் முன் தமது ரைபிளைப் பெரிய கங்காணி செல்லசாமி பேருக்கு லைசென்ஸ் மாற்றிக் கொடுத்தார். கூடவே ஒரு தகரப் பெட்டி. அதற்குள் காலித் தோட்டாக் கூடுகள், வெடிமருந்து, கேப், இடுக்கி மாதிரி ஒரு கருவி, ஒரு டின் நிறையக் குண்டு. கூட்டைத் துடைத்து, அடியில் பொறி கொடுக்கும் கேப்பைப் பொருத்தி, மருந்தை அளந்து கொட்டி, வாயில் குண்டை வைத்து இடுக்கியால் அமுக்கினால் தோட்டா தயார். துரை எல்லாவற்றையும் கொடுத்தார். எந்தக் குண்டைப் போடுவது என்பதைச் சொல்ல மறந்துவிட்டார்.

ஏனென்றால் டின்னுக்குள் இரண்டு ஜாதிக் குண்டு கலந்து கிடந்தது. ஒன்று தலையிலிருந்து அடிவரை பளபளவென்று இருக்கும். இன்னொன்றுக்கு மூக்கில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஈயம் தெரியும். பெரிய கங்காணி மருந்தளக்கும்போது பீடியை வாயிலிருந்து எடுக்கவில்லை. ஒரு புருவம் போயிற்று. அதன்பின் பீடியை விட்டார், ஆனால் குண்டு விஷயத்தில் தெளிவு பிறக்கவில்லை.

இதில் தோட்டத்துக்கே ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள் வேட்டை. ஒரு மரையாவது விழவேண்டும். மரை என்பது எங்கள் மலையின் பெரிய மான். விழுந்ததை, நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் கூறு போட்ட பிறகுதான் விரதம் முடியும். அதுவரை எந்த வீட்டுக் காம்பிராவிலும் கறி, மீன், கருவாடு எதுவும் அடுப்பேறக்கூடாது. அந்த வருஷம் வேட்டையில் எதுவும் விழவில்லை. முந்நூறு பேர் பருப்பை முறைத்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோதுதான் கொம்புச் சாமி வந்தார்.

கொத்மலைக் காட்டில் பன்னிரண்டு வருஷம் மரைகளோடு தவமிருந்தவராம். மரைகள் விரும்பிக் கொடுத்த கொம்பாம். முழ நீளம், நுனியில் குங்குமம். வந்த மூன்றாம் நாள் டின்னைக் கவிழ்த்துக் குண்டுகளைப் பரப்பச் சொன்னார். கொம்பு நுனியை மேலே ஆட்டினார். பளபளக்கும் குண்டுகள் குதித்துப் போய் நுனியில் ஒட்டிக்கொண்டன. ஈயமூக்குக் குண்டுகள் கிடந்த இடத்திலேயே கிடந்தன.

"ஒட்டுனதுல மரையோட விதி எழுதியிருக்கு. ஒட்டாதது தோசக் குண்டு. அத எங்கிட்ட குடுங்க, ஆத்துல விட்டுர்றேன்" என்றார் சாமி.

பெரிய கங்காணி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். நாங்களும் விழுந்தோம். நான் விழுந்த இடத்தில் சாணி இருந்தது.

பிறகு இரண்டு வாரத்துக்குள் நான்கு வேட்டை. சுடுகிறவர் அழகுமுத்து. எங்கள் மலையில் அவரைப் போல் குறிபார்க்க ஆளில்லை. விதி எழுதிய குண்டைப் போட்டுச் சுட்டார். குண்டு பட்டது, எல்லாரும் பார்த்தோம். மரை ஒரு தரம் துள்ளிவிட்டுக் காட்டுக்குள் போயே போய்விட்டது. நான்கு தரமும் இதேதான்.

முதல் தரம் சாமி சொன்ன காரணம், கூட்டத்தில் யாரோ திருட்டுத்தனமாகக் கருவாடு சுட்டுத் தின்றது. எல்லாரும் எல்லாருடைய வாயையும் மோந்து பார்த்தோம். இரண்டாம் தரம், அழகுமுத்து தும்மியது. மூன்றாம் தரம், அவருடைய மீசை நுனி தெற்கே பார்த்தது. மீசையை மழித்தார். நான்காம் தரம் தப்பியபோது, வேட்டைக்குப் போன எல்லாருடைய மீசையும் போகவேண்டும் என்றார் சாமி. என்னுடையது பத்து வருஷ மீசை. கொடுத்துவிட்டேன்.

மரை விழவில்லையே என்று ஒருவரும் சாமியைக் கேட்கவில்லை. தப்பத் தப்பப் பக்தி ஏறியது. விரதத்தில் நாங்கள் தின்ன முடியாத கோழிகள் எல்லாம் காணிக்கையாகச் சாமியிடம் போய்ச் சேர்ந்தன. அவற்றைக் காட்டில் விட்டுவிடுவதாகச் சொன்னார். அவர் குடிலுக்குப் பின்னால் கிடந்த இறகுகளைப் பார்த்துவிட்டு, கோழிகள் இறகைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் காட்டுக்குப் போகும் போல என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இனி பூரணியைச் சொல்லவேண்டும். பூரணி தேயிலைத் தூள் செய்யும் எங்கள் ஸ்டோரில், தூளைச் சலித்துப் பிரிக்கும் சலிப்பு அறையில் வேலை செய்கிறவள். தூளை மரப்பெட்டியில் அடைக்கும் முன் அதன்மேல் ஒரு காந்தக் கட்டையைப் பிடித்துக்கொண்டு போவது அவள் பொறுப்பு. மிஷினிலிருந்து உதிரும் ஆணி, கம்பித்துண்டு, துரு எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் சீமையில் டீ குடிக்கிறவனின் பல் போகும். ஐந்து வருஷம் அவள் கையில் இருந்த அந்தக் கட்டை, ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு முன் ஒரு காலையில் காணாமல் போயிற்று.

ஸ்டோருக்குப் பெரியவரான டீமேக்கர் ஐயா யோசிக்கவே இல்லை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், முந்நூறு பேர் முன்னால், "இவதான் திருடி" என்றார். சனிக்கிழமை நாலு மணிக்குள் காந்தம் வராவிட்டால் அவளுக்கும் அவள் புருஷன் முத்துலிங்கத்துக்கும் பத்துச்சீட்டு. பத்துச்சீட்டு என்றால் வேலை போவது மட்டும் இல்லை, லயத்துக் காம்பிராவும் போகும். இரண்டு பிள்ளைகளோடு ரோட்டில் நிற்கவேண்டும். அந்தச் சனிக்கிழமைதான் இந்தச் சனிக்கிழமை. மணி மூன்றாகியிருந்தது.

முத்துலிங்கம் அவளைச் சாமி முன்னால் இழுத்துக்கொண்டு வந்தான்.

"சாமி, ஸ்டோர்ல இருந்த காந்தக் கட்டய காணமுங்க. இவ எடுக்கலைங்க. எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. நாங்க ரெண்டு பிள்ளக்குட்டிக்காரங்க."

சாமி கண்ணை மூடினார். "தண்ணிக்குள்ள தெரியுது. ஒங்க ஓடையில விழுந்து, ஆத்துல போயி, கொத்மலைய தாண்டிருச்சு. இனி கெடைக்காது."

எங்கள் ஓடை கொத்மலைப் பக்கம் ஓடுவதே இல்லை. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். இருந்தும் எல்லாரும் தலையை ஆட்டினோம், நான் உட்பட.

பூரணி அழுதாள். சாமி பெரிய மனது வைத்து, ஆசீர்வாதம் செய்யக் கொம்பை அவள் தோளுக்கு நேராக நீட்டினார். அவள் ஜாக்கெட்டில் குத்தியிருந்த ஊக்கு எழுந்து நின்றது. பூரணி அழுகையை நிறுத்தினாள். ஐந்து வருஷமாகக் கையில் பழகிய இழுப்பு அவளுக்குத் தெரியாதா?

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "சாமி, மரைய விழுத்துற குண்டத்தான் இந்தக் கொம்பு இழுக்குங்களா?"

"வேற எதையும் தொடாது."

"நெசமாவா?"

"என் குரு மேல சத்தியம்."

பூரணி ஊக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். ஊக்கு பறந்துபோய்க் கொம்பில் ஒட்டியது.

"அப்ப இந்த ஊக்கத் துப்பாக்கியில போட்டு மரைய சுடலாமுங்களா?"

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "ஊக்குக்கும் சக்தி ஏறிருச்சுப்பா" என்றது. நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எங்கள் ஜனத்தை அவ்வளவு சுலபமாகத் திருத்திவிட முடியாது.

பூரணி விடவில்லை. ஒரு பால் டின் மூடியை நீட்டினாள். ஒட்டியது. எங்கள் மீசைகளை மழித்த பிளேடை நீட்டினாள். அதுவும் ஒட்டியது. பஸ் கண்டக்டரிடம் டிக்கட் வெட்டும் இடுக்கியைக் கேட்டு வாங்கி நீட்டினாள். அது சத்தத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. பெரிய கங்காணியின் தங்க மோதிரத்தைக் காட்டினாள். கொம்பு அசையவில்லை.

"பாருங்க, தங்கத்த தொட மாட்டேங்குது. ஈயத்த தொட மாட்டேங்குது. இரும்பு எங்க இருந்தாலும் பாயுது. மரைக் கொம்புக்கு எதுக்குங்க இரும்பு மேல ஆச? இதுக்குள்ள என் காந்தம் இருக்கு. நுனியில செவப்புப் பெயிண்டு, பக்கத்துல மூணாம் நம்பரு வெட்டியிருக்கும். கொம்ப ஒடைங்க, இல்லன்னா எனக்கு இப்பவே பத்துச்சீட்டு குடுங்க."

சாமி எழுந்துவிட்டார். "கொம்ப ஒடச்சா தோட்டமே எரிஞ்சு போகும்" என்று கர்ஜித்தார்.

"எரியட்டும். என் இடுக்கிய குடுங்க, எனக்கு நேரமாச்சு" என்றார் கண்டக்டர். அவருக்குத் தோட்டத்தைவிட இடுக்கி பெரிது. ஒரு பக்கம் அவர் இழுத்தார், மறுபக்கம் சாமி இழுத்தார். கொம்பு நுனி மெழுகோடு கழன்றது. உள்ளேயிருந்து விரல் நீளத்துக்கு ஒரு கட்டை பொத்தென்று விழுந்தது. நுனியில் சிவப்புப் பெயிண்ட். பக்கத்தில் மூன்று.

அப்போதுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. சாமி வந்த முதல் நாள், ஸ்டோர் இஞ்சினுக்குப் பூசை போட அவரை அழைத்து, சலிப்பு அறையில் பாய் விரித்துப் படுக்க வைத்தவர் யார்? சாட்சாத் டீமேக்கர் ஐயா. திருடனுக்குத் தலையணை கொடுத்துவிட்டு, காவல் இருந்தவளைத் திருடி என்றிருக்கிறார். அதையும் அன்றைக்குத்தான் யோசித்தேன் என்பதில் எனக்கு வெட்கம்தான்.

பெரிய கங்காணி இன்னும் குழப்பத்தில் இருந்தார். "அப்ப அந்தக் குண்டு?"

மஃறூப் நானா ஓரத்திலிருந்து முன்னால் வந்தார். "கங்காணியார், மினுங்கிற குண்டு பட்டாளத்துக் குண்டு. மேல முலாம், உள்ளுக்கு இரும்புத் தகடு. அதுதான் காந்தத்துல ஒட்டிரிக்கி. அது நெளியாது, விரியாது. இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் போயிரும், மரை ஓடிப்போய் காட்டுக்குள்ளதான் சாகும். ஈயமூக்குதான் வேட்டைக் குண்டு. உள்ள போனதும் மூக்கு நசுங்கி விரியும், மிருகம் நிண்ட எடத்துல விழும்."

"நீங்க இத மொதல்லயே சொல்லக்கூடாதா நானா?"

"என்னைய யாரு கேட்டது? ஆத்துல விட்டதா இவர் சொன்ன குண்டெல்லாம் என் கடைக்குத்தான் வந்திச்சு. நான் நல்ல காசு குடுத்து வாங்கினன். இண்டைக்கும் அதுக்குத்தான் வந்தன்."

ஆக, மரைகளை நின்ற இடத்தில் விழுத்தும் குண்டுகளைத் தோஷம் என்று வாங்கி விற்றுவிட்டு, எங்கள் கையில் வேட்டைக்கு ஆகாத குண்டுகளைக் கொடுத்து, எங்கள் மீசைகளையும் மழித்திருக்கிறார் சாமி. இதைப் புரிந்துகொண்டு அழகுமுத்து மேலுதட்டைத் தடவியபடி திரும்பிப் பார்த்தபோது, சாமியைக் காணவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தார். டிரைவர் எங்களோடு நின்றுகொண்டிருந்தார்.

கண்டக்டர் இடுக்கியைத் துடைத்துக்கொண்டே பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தார். "அட, நீ ஹட்டன் ஸ்டாண்டுல பல்பொடி வித்த வீரய்யா தானே? டிக்கட் எடுத்துட்டுத்தான் ஏறணும், தெரியாதா?"

அவர் டிக்கட் எடுக்கவில்லை. இறக்கப்பட்டார். அழகன் கொண்டுவந்த கவண்கற்கள் வீண்போகவில்லை. கல்லுக்கு மரையின் முகம் தெரியாமல் இருக்கலாம், சாமியின் முதுகு நன்றாகத் தெரிந்திருந்தது.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பூரணி காந்தத்தை டீமேக்கர் ஐயா மேசையில் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "சரி, திங்கக்கெழம வேலைக்கு வா."

"வர்றேனுங்க. திருடின்னு பெரட்டுல வச்சுச் சொன்னீங்க. இல்லங்கிறதையும் பெரட்டுல வச்சுத்தான் சொல்லணும். ரூமுக்குள்ள சொன்னா எனக்கு வேணாம்."

திங்கள் காலையில் அவர் சொன்னார். குரல் கொஞ்சம் சின்னதாகத்தான் வந்தது. பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று பூரணி சொன்னதால் இரண்டாம் தரமும் சொன்னார்.

நடுவில் ஞாயிற்றுக்கிழமை வீரய்யாவின் பையில் மிச்சமிருந்த ஈயமூக்குக் குண்டு ஒன்றைப் பெரிய கங்காணி தோட்டாவில் அமுக்கிக் கொடுத்தார். அழகுமுத்து மீசையில்லாமல் சுட்டார். மரை நின்ற இடத்தில் விழுந்தது. அன்று மதியம் முந்நூறு பேர் வீட்டு அடுப்பிலும் ஒரே வாசனை. ஈரல் கூறு பூரணி வீட்டுக்குப் போயிற்று.

இத்தோடு முடிந்தது என்று நினைப்பீர்கள். செவ்வாய்க்கிழமை சலிப்பு அறை வாசலில் ஒரு சின்ன வரிசை நின்றது. நாகலெட்சுமி கைக்குழந்தையோடு முதல் ஆளாக நின்றாள். "பூரணி அக்கா, பிள்ளைக்கு மூணு நாளா காய்ச்சல். அந்தக் காந்தத்த நெத்தியில ஒரு வாட்டி தொட்டு விடுங்க. சாமியவே சாச்ச காந்தமாச்சே."

பூரணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இது இரும்பத்தான் இழுக்கும், காய்ச்சல இழுக்காது. பிள்ளைய தூக்கிக்கிட்டு டிஸ்பென்சரிக்குப் போ. போற வழியில, ஏன் இங்க வந்து நின்னேன்னு கொஞ்சம் யோசிச்சுக்கிட்டே போ."

மூன்று மாதத்தில் எங்கள் எல்லாருக்கும் மீசை பழையபடி வளர்ந்துவிட்டது. அது தானாக வளரும். புத்தி தானாக வளராது, நாம்தான் வளர்க்கவேண்டும். அடுத்த சாமி ஹட்டனில் பஸ் ஏறிவிட்டார் என்று கேள்வி.