பாதி விலைப் போனும் உன் அக்காவின் காதும்

அன்பு மைத்துனருக்கு,

இங்கே நானும் உன் அக்காவும் சௌக்கியம். அங்கேயும் எல்லோரும் அப்படியே இருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முந்தைய மாடல் போன் ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். பேசும்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ நடுவிலேயே “சரிங்க மாமா, சரிங்க மாமா” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

போன வருடம் உன் அக்காவுக்கு நானும் அப்படி ஒன்றைத்தான் வாங்கினேன். கண்ணாடியில் கீறல் இல்லை, பேட்டரி புதுசு. எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்டதற்குக் கடைக்காரர், “கல்லு மாதிரி சார், நீங்களா போட்டு உடைச்சாத்தான் உண்டு” என்றார். மனுஷன் பொய் சொல்லவில்லை. இன்றைக்கும் கல்லு மாதிரிதான் இருக்கிறது. உள்ளே ஓடும் மென்பொருளை அந்தக் கம்பெனி எத்தனை நாள் கவனிக்கும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மருந்துக் கிடங்கிலேயே தலை நரைத்தவன் நான், காலாவதித் தேதி பார்க்காமல் ஒரு மாத்திரை வாங்கினதில்லை. இதில் பார்க்கத் தோணலை பாரு.

ஒரு நாள் காலையில் ‘இந்தக் கருவிக்கு இனி புதுப்பிப்புகள் வராது’ என்று திரையில் வந்தது. “விட்டது தொல்லை” என்று சந்தோஷப்பட்டேன். முதலில் பேங்க் செயலி கழன்றுகொண்டது. பாதுகாப்பில்லாத போனில் இருக்க மாட்டேன் என்றது. போகட்டும், வரிசையில் நின்றுகொள்ளலாம் என்று விட்டேன். அடுத்தது உன் அக்காவின் காது மெஷின். அதைக் கூட்டுவது, குறைப்பது எல்லாம் போன் வழியாகத்தானே? முந்தின நாள் ஒரு ஓட்டலில் இரைச்சல் என்று, எதிரே இருப்பவர் பேச்சு மட்டும் கேட்கிற மாதிரி மாற்றி வைத்திருந்தாள். மறுநாள் அந்தச் செயலி, புதிய போன் வேண்டும் என்று திறக்கவே மறுத்துவிட்டது. மெஷின் அந்த ஓட்டல் அமைப்பிலேயே நின்றுபோச்சு. பின்னாலிருந்து என்ன கத்தினாலும் கேக்காது. குளியலறையிலிருந்து துண்டு கேட்டு, கேட்டு, உடம்பு தானாகவே காய்ந்துவிட்டது.

இதுவரைக்கும் சிரிப்புதான். அப்புறம் ஒரு நாள் கடைக்குப் போனவள், பின்னால் வந்த வேனுக்கு வழியே விடவில்லை. டிரைவர் ஹாரன் அடித்து ஓய்ந்து, இறங்கி வந்து முன்னால் நின்று, “ஏம்மா, காது கேக்கலியா?” என்றாராம். “இப்ப கேக்குது, சொல்லுங்க” என்றாளாம் இவள். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. எனக்குத்தான் சிரிப்பு வரலை.

அன்றைக்கே புதுப் போனுக்குச் சொல்லிவிட்டேன். அது வந்துசேரும் வரை என்ன பேசுவதானாலும் எழுந்துபோய், நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் எதிரே உட்கார வேண்டியிருந்தது. அப்படி உட்கார்ந்த பிறகு சும்மா எழுந்து வர முடியுமா? அவளும் ஏதாவது சொல்வாள். அவளோடு தினமும் நடக்கப் போகும் எதிர்வீட்டு டீச்சரம்மா வீடு மாறிப் போய்விட்டாராம். “எப்ப?” என்றேன். “ரெண்டு தடவை சொன்னேன். பேப்பருக்குப் பின்னாலேர்ந்து ‘உம்’னீங்க” என்றாள். யாருக்குக் காது கேட்கவில்லை என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதற்கப்புறம் நானே அவளோடு நடக்கப் போனேன், வேன் வரும் பக்கத்தில் நான் இருந்துகொண்டு.

புதுப் போன் வந்தது, மெஷின் சரியாகிவிட்டது. ஆகவே மச்சான், கண்ணாடியைப் பார்க்காதே, கேமராவைப் பார்க்காதே. இன்னும் எத்தனை வருஷம் புதுப்பிப்பு வரும் என்று மட்டும் கேள். பதில் சொல்லத் தயங்கினால் கடையை விட்டு இறங்கிவிடு. பழைய போன் வேண்டவே வேண்டாம்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும், குழந்தைகளுக்கு எங்கள் ஆசியும்.

இப்படிக்கு,
உன் அக்காவின் வீட்டுக்காரர்

பி.கு.: ஒட்டுவதற்கு முன் உன் அக்காவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “புதுப் போனைத் திருப்பிக் குடுத்துட முடியுமா?” என்றாள். ஏன் என்றேன். “அது வந்ததிலேர்ந்து நீங்க மறுபடியும் உள்ளேர்ந்தே பேச ஆரம்பிச்சுட்டீங்க.” நாற்காலியை அவள் எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டுதான் இந்த வரிகளை எழுதுகிறேன். மேலே எழுதினதை நம்பி முடிவு பண்ணாதே. முதலில் உன் வீட்டுக்காரிக்கு எதிரே போய் உட்கார்ந்து, அவளைக் கேள்.