பொட்டு உதிர்ந்த வரி

அன்புள்ள தம்பி தீனதயாளனுக்கு, மாமல்லபுரத்திலிருந்து அக்கா சந்திரம்மா எழுதுவது. இங்கே நானும் ரேணுகாவும் டீக்கடை பாய்லரும் சுகம். நீயும் செங்கல்பட்டில் உன் ஜெராக்ஸ் மெஷினும் சுகமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். உன் புத்திக்குத் தனியாக ஒரு தேங்காய் உடைக்கணும். போனில் திட்டினால் கட் பண்ணிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

மறைமலைநகர் கம்பெனி பஸ் நம் சவுக்குத்தோப்பு வளைவில் நிற்காது என்பது உனக்குத் தெரியும். விடிகாலையில், கடல் புகையாய் எழுந்து வந்து ரோட்டில் படுத்திருக்கும்போது, உள்ளே நீல விளக்கு எரிய அது மிதந்து வரும். சன்னலுக்குச் சன்னல் தூங்கும் முகங்கள். படகில் ஏறிக் கனவுக்குள் போகிறவர்கள் மாதிரி இருப்பார்கள். நான் டீயை ஆற்ற மறந்து பார்ப்பேன். அதே பஸ்ஸைப் பிடிக்க என் மகள் ரேணுகாவும் இன்னும் நாலு பெண்களும் இருட்டிலேயே அடுத்த ஸ்டாப்புக்கு ஒன்றரை மைல் நடந்திருப்பார்கள். "இங்க நிக்கலைன்னா கூடுவாஞ்சேரியில ரூம் எடுத்துக்கினு போயிடுவேம்மா" என்றாள் ரேணுகா. அவள் போனால் எனக்குப் பேச்சுத்துணை பாய்லர்தான்.

அதற்குத்தான் மனு எழுதி உனக்குப் படித்துக் காட்டினேன். "இன்னாக்கா, மழை மாதிரி ஊத்திகினே போற. ஒவ்வொண்ணா பிரிச்சு, முன்னாடி குண்டா ஒரு புள்ளி வையி" என்றாய். பிரித்தேன். பஸ் நிற்கணும் என்ற ஒரே வரிதான் தேறியது. ஒற்றைப் புள்ளி அநாதையாக நின்றதால் துணைக்கு ஆள் சேர்த்தேன். சன்னல் கண்ணாடி ஆடுது, பின் சீட்டில் பஞ்சு இல்லை, டிரைவர் சடையப்பன் பஸ்ஸில் பாடக் கூடாது, ஆனாலும் பாவம், அவருக்கு வழியில் டீ குடிக்க அஞ்சு நிமிஷம் தரணும். எழுத எழுத சுகமாக இருந்தது தம்பி. பேனாவில் புள்ளி கோணலாக வந்ததால் ரேணுகாவின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து வரிக்கு ஒன்று ஒட்டினேன். எல்லாத்துக்கும் மேலே இருந்த பஸ் வரிக்கு மட்டும் கல் வைத்த பெரிய பொட்டு. மனு கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிடுச்சு.

கம்பெனியில் பஸ் விவகாரம் பார்க்கிற ராமானுஜம் சார் தங்கமான மனுஷர். பொட்டு பொட்டாக விரல் வைத்துப் படித்து எல்லாத்துக்கும் சரி போட்டாராம். பெரிய பொட்டு மட்டும் எங்கேயோ உதிர்ந்துபோச்சு. "பொட்டு வெச்சதெல்லாம் செஞ்சாச்சே, மேல இருக்கறது தலைப்புதானம்மா" என்று ரேணுகாவிடம் கேட்டாராம். இப்போ கண்ணாடி ஆடுவதில்லை. பின் சீட்டு மெத்தை. சடையப்பன் வாயே திறப்பதில்லை. பஸ் முன்னைவிட அழகாக, சத்தமில்லாமல், நிற்காமல் போகுது. ரேணுகா பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைச்சு வெச்சுட்டா.

அதனால் நீயே ஒரே வரியில், புள்ளி கிள்ளி இல்லாமல், புது மனு அடித்து ஞாயிறுக்குள் அனுப்பு.

உன் வீட்டுக்காரி துர்காதேவிக்கும் உனக்கும் என் ஆசீர்வாதம். மெஷினில் பேப்பர் சிக்காமலும், உன் தலையில் மிச்சமுள்ள முடி கொட்டாமலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா சந்திரம்மா

பின்குறிப்பு: மனு அடிக்காதே. கவர் ஒட்டாமல் கிடந்த ரெண்டு நாளில் ஒண்ணாம் தேதி வந்தது, பஸ்ஸும் வளைவில் தானாக நின்றது. சடையப்பன் இறங்கி வந்து, "ஒண்ணாந்தேதியிலேர்ந்து டீக்கு அஞ்சு நிமிஷம் குடுத்துக்கிறாங்கக்கா. இந்த ரோட்டுல உன் கடைய வுட்டா வேற இன்னா கீது?" என்றார். இன்றைக்கு ஐந்து பெண்களும் இங்கேயே ஏறினார்கள். பெட்டி பரணுக்குப் போயிடுச்சு. ஒரே தொல்லை, பஸ்ஸில்தானே பாடக் கூடாது என்று, அந்த அஞ்சு நிமிஷமும் என் கடையில் நின்று பாடுகிறார். கடல் புகைக்குள்ளே கேட்டால் அவ்வளவு மோசமில்லை தம்பி.