குழந்தைக்கு நீங்க என்ன வேணும்?

நான் என் கணவர் மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன். காரணம் வேறொரு பெண் என்றால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். நான் பெற்ற மகளாகப் போய்விட்டாள்.

இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து, நீலகிரியில் சேரம்பாடி எஸ்டேட்டில் குடியேறிய புதிது. எனக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலை உடனே கிடைத்தது. அவருக்கு, “பேர் பதிஞ்சிருக்கு, கூப்பிடுவோம்” என்ற பதில்தான் கிடைத்தது. அதனால் ஒன்றரை வயது மல்லிகா, தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அவர் பொறுப்பில் வளர்ந்தாள். மாலையில் நான் வந்து கை நீட்டினால், அவர் கழுத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொள்வாள். எனக்கு வயிறு எரியும்.

“ஆம்பள கையில வளர்ற புள்ள, பாவம்” என்று பக்கத்துக் காம்பரா மாரியாயி சொல்லும்போதெல்லாம் பலமாகத் தலையாட்டுவேன். பிள்ளை வளர்ப்பது பெண்ணின் ரத்தத்திலேயே ஊறியது என்று நம்பியவள் நான் (என் ரத்தத்தில் அது எங்கே ஒளிந்திருந்ததோ!).

ஒருநாள் வேலை விஷயமாக அவரைக் கூடலூருக்கு வரச்சொல்லித் தபால் வந்தது. நான் லீவு போட்டேன்.

“எப்பிடித் தூங்க வைக்கிறதுன்னு சொல்லிட்டுப் போகவா புள்ள?” என்றார்.

“பெத்தவளுக்கே பாடமா? பஸ்ஸு போயிரும், கெளம்புங்க!”

பஸ் திருப்பத்தில் மறைந்ததும் மல்லிகா அழத் தொடங்கினாள். சோறு ஊட்டினேன், துப்பினாள். பாடினேன், என்னைவிடச் சத்தமாக அழுதாள். மதியத்துக்குள் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பயந்துபோய் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பின்னாலேயே மாரியாயி தலைமையில் பாதி லயம் வந்தது.

கம்பவுண்டர் கோயம்புத்தூர்க்காரர். “தெனமும் என்னங்க சாப்பிடும்?”

“அவருக்குத்தான் தெரியும்.”

“பகல்ல எப்பத் தூங்குமுங்க?”

“அதுவும் அவருக்குத்தான்…”

பேனாவைக் கீழே வைத்தார். “ஏனுங்க, நீங்க இந்தக் கொழந்தைக்கு என்ன வேணுமுங்க?”

“மருந்துதாங்க வேணும்!”

“அது இல்லீங்க. கொழந்தையோட அம்மா வல்லீங்களா?”

மாரியாயி சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் மல்லிகாவோடு சேர்ந்து அழுதேன்.

அதற்குள் கூடலூரிலிருந்து திரும்பி பஸ்ஸை விட்டு இறங்கி, விஷயம் கேட்டு அவர் ஓடி வந்தார். மல்லிகா என் கையிலிருந்து அவரிடம் தாவினாள். அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, நாங்கள் வந்த வழியை ஒவ்வொரு ஊராக மெல்லச் சொன்னார்: “தலைமன்னாரு… ராமேஸ்வரம்… மண்டபம்… மதுரை…” மேட்டுப்பாளையம் வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

“இம்புட்டுத்தானா?” என்றேன்.

“இம்புட்டுத்தான். காலையிலேயே சொல்ல வந்தேன்.”

அதே வழியில் நானும்தான் வந்தேன் (வழி முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டு). அன்றே ஊர்ப்பெயர்களை மனப்பாடம் செய்தேன். மதுரையை விட்டுவிட்டால் கண்ணைத் திறந்து பார்ப்பாள்.

இன்று மல்லிகாவுக்கே இரண்டு பிள்ளைகள். வீட்டுக்கு யார் வந்தாலும், கம்பவுண்டர் குரலில் இந்தக் கதையைச் சொல்வது அவள்தான். அவளுக்கு எதுவும் நினைவிருக்க வழியில்லை. எல்லாம் அப்பா சொல்லிக் கொடுத்தது. “மருந்த விட்டுட்டியே!” என்று இடையில் எடுத்தும் கொடுப்பார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிக்கும்போது, நான் டீ போட எழுந்து போய்விடுவேன். அவர் டம்ளரில் மட்டும் சர்க்கரை போடுவதில்லை (அவருக்குச் சர்க்கரை வியாதி ஒன்றும் கிடையாது).