கோபப் படகும் ஒரு கட்டில் அறையும்

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் மூவரும் மிதக்கிறோம். அங்கே நீங்களும் பெரியப்பாவும் தரையில் நின்றுகொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்தப் பேறு உங்களுக்கு என்றும் நீடிக்கட்டும்.

உங்கள் கடிதம் துறைமுக அலுவலகத்தில் கிடைத்தது. ‘கொடுத்து வைத்தவர்கள்’ என்று எங்களைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அந்த வரியை அப்பா உரக்கப் படித்தார், பிறகு எங்களுக்குக் கேட்டிருக்காது என்று இன்னொரு முறையும் படித்தார். குட்டிப் படகில் அம்மா தனியாக உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்க்கும், அப்பா எடுத்து அனுப்பிய அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பதாகவும், வருகிறவர்களிடமெல்லாம் “என் தங்கச்சி, மகாராணி மாதிரி உக்காந்திருக்கா பாருங்க” என்று காட்டுவதாகவும் எழுதியிருந்தீர்கள். பெரியம்மா, அந்தப் படத்தைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வீட்டில் ஒருவருக்குக் கோபம் வந்தால் அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். எங்கள் படகில் இருப்பதே ஒரு கதவு, அது கழிப்பறைக்கு, அதுவும் படகு வலப்பக்கம் சாய்ந்தால் தானாகத் திறந்துகொண்டு உள்ளே இருப்பவரைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே அப்பா ஒரு விதி செய்தார். யாருக்குக் கோபம் வந்தாலும், கரைக்குப் போய்வர வைத்திருக்கும் குட்டிப் படகில் ஏறிக்கொள்ள வேண்டும்; கயிற்றைத் தளர்த்திப் பின்னால் விட்டுவிடுவார்; கோபம் ஆறியதும் கையைக் காட்டினால் இழுத்துக்கொள்வார். அதற்குக் கோபப் படகு என்றே பெயர். அப்பா அதில் ஏறியதில்லை. அவருக்குக் கோபம் வந்தால் எங்களை ஏறச் சொல்வார். படத்தில் நன்றாக வர வேண்டும் என்பதற்காக மேல்தளத்தை அவர் குடிதண்ணீரில் பளிச்சென்று கழுவிய அன்று, நாங்கள் நாக்கு வறண்டு கிடந்த அன்று, அம்மா அதில் ஏறினாள். அந்த மேல்தளத்தில் நின்றபடி அவர் எடுத்ததுதான் உங்கள் கூடத்தில் தொங்குகிறது. அம்மாவின் முகம் தெரியவில்லை என்பதை நீங்கள் கவனித்தீர்களா?

அப்பாவை உங்களுக்குத் தெரியும். காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீடு கேட்டு வரும் மனுக்களை நிராகரித்தே ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு வீட்டை விற்று இந்தப் பழைய பாய்ப்படகை வாங்கி, இனித் தீவு தீவாகப் போகலாம் என்றார். விளையாட்டு என்று நினைத்து நாங்களும் தலையை ஆட்டினோம். ஆட்டிய தலை இன்னும் நிற்கவில்லை. உலகத்தில் விபத்து என்று எதுவுமே நடப்பதில்லை என்பது அவர் கட்சி. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நங்கூரம் பிடி விட்டு, படகு நழுவிப் போய் ஒரு பணக்காரரின் படகில் முட்டியது. விருந்துக்கு வந்தவர் போல அப்பா அவர்களுக்குக் கையசைத்துவிட்டு, எங்களிடம் திரும்பி, “இது விபத்து இல்ல, கவனக்குறைவு” என்றார். நங்கூரம் போட்டவர் அவர்தான். கழிப்பறைக் குழாயை அவரே மாற்றிப் பொருத்தி, பம்பை அவரே அடிக்க, கடலுக்குப் போக வேண்டியது அவருடைய வெள்ளைத் தொப்பிக்கு வந்தது. அதுவும் கவனக்குறைவு, என்னுடையது, ஏனென்றால் நான் பக்கத்தில் நின்றிருந்தேன். என் புத்தகங்களைக் கேட்காதீர்கள். ஈரத்தில் உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எல்லாம் ஒரே ஆள் எழுதியது போல ஆகிவிட்டன.

முந்தாநாள் அரிசி டப்பாவில் கடல் தண்ணீர் புகுந்துவிட்டது. வழக்கம்போல விசாரணை.

“மூடி உடைஞ்சிருக்குன்னு போன தீவுலயே சொன்னேன்ல?” என்றாள் அம்மா.

“சொன்னா போதுமா? ஞாபகப்படுத்த வேண்டாமா?”

அம்மா கோபப் படகில் ஏறிக்கொண்டாள். அப்பா கயிற்றைத் தளர்த்தி விட்டார். நான் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தைத் திருப்பித் தலை நிமிர்ந்தால் அம்மா தூரத்தில் இருந்தாள். பார்க்கப் பார்க்க இன்னும் தூரத்தில். எங்கள் படகின் பின்புறம் கயிறு மட்டும் தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தது. “அம்மா, கத்தும்மா!” என்று நான்தான் கத்தினேன். அவள் கத்தவில்லை. நல்ல வேளையாக ஒரு மீன்காரர் தன் படகில் கட்டி இழுத்து வந்தார்.

“இந்தம்மா உங்க ஆளுங்களா? எத்தனை தடவை கூப்பிட்டேன், திரும்பியே பாக்கலை. காது கேக்காதோ?”

“காது கேக்கும். நாம சொல்றதுதான் கேக்காது,” என்றார் அப்பா. அம்மா இரண்டு கைகளையும் துண்டில் சுற்றிக்கொண்டு ஏறி, நேராக அடுப்படிக்குப் போய்விட்டாள். “நான் போட்ட முடிச்சு அவிழாது. இது விபத்து இல்ல, கவனக்குறைவு” என்று அப்பா கடலைப் பார்த்துச் சொன்னார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஊர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலைக்கு என்னை எடுத்துக்கொள்வதாக எழுதியிருக்கிறார்கள். உங்கள் வீட்டுத் தையல் மெஷின் அறையில் ஒரு கட்டிலுக்கு மேல் இடம் இல்லை என்பீர்கள். எனக்கு ஒரு கட்டில் போதும், அந்த அறைக் கதவு போதும். படகை ஓட்ட இரண்டு பேர் வேண்டும், ஒருவர் சுக்கான் பிடிக்க, இன்னொருவர் திட்டு வாங்க. மூன்றாவது ஆள் வெறும் பாரம். உங்களுக்கு முழங்கால் வலிக்கிறது, என்னை உதவிக்கு அனுப்பி வைக்கவும் என்று அப்பாவுக்கு ஒரு வரி எழுதுங்கள். வலி இல்லாவிட்டாலும் எழுதுங்கள். நீங்கள் கேட்டால் மறுக்க மாட்டார். தயவுசெய்து என்னை இங்கிருந்து கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பெரியப்பாவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டுச் சுவர்கள் அசையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது, விரலுக்கு மருந்து தடவச் சொல்லி அம்மா வந்தாள். இரண்டு நகங்கள் சதையோடு பிய்ந்திருந்தன.

“என்னம்மா இது?”

“உங்கப்பா முடிச்சு சும்மாவா? கடைசியில பல்லால கடிச்சுத்தான் அவுத்தேன்.”

“எங்கம்மா போகப் பாத்தே?”

“எங்கயும் இல்லடி. கொஞ்ச நேரம் எதுலயும் கட்டாம இருக்கணும்னு தோணிச்சு.” மருந்து காய்கிற வரை ஊதிக்கொண்டிருந்துவிட்டு, “அக்காகிட்ட எதுவும் எழுதிடாதே. அவ படத்தை மாட்டி வெச்சிருக்கா” என்றாள்.

ஆகவே பெரியம்மா, அப்பா சொன்னதில் பாதி சரி. அது விபத்து இல்லை. புதிதாக ஒரு கடிதம் எழுத உலர்ந்த தாள் இல்லை. மேலே ‘என்னை’ என்று வருகிற இடத்திலெல்லாம் ‘அம்மாவை’ என்று திருத்தி வாசியுங்கள். அச்சகத்துக்கு நானே பதில் எழுதிக்கொள்கிறேன். முழங்கால் வலியை மட்டும் மறக்க வேண்டாம், அம்மா முன்னால் கொஞ்சம் நொண்டவும் செய்யுங்கள். அவள் வருவதற்குள் அந்தப் படத்தைக் கழற்றிவிடுங்கள். அறையின் உள்தாழ்ப்பாள் இறுகிக் கிடந்தால் எண்ணெய் விட்டு வையுங்கள். அவளுக்கு விரல் இன்னும் ஆறவில்லை.