ஜனாதிபதி குடியேறிய லயம்

ஜனாதிபதிகளுக்கு வாழ்க்கை ஒன்றுதான்; வாழ்க்கை வரலாறுகள் பல. அவற்றில் பெரும்பாலானவை கொழும்பில், மின்விசிறிக்குக் கீழே, சம்பளத்துக்கு எழுதப்பட்டவை. ஒன்று மட்டும் நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, ஸ்டோனிவேல் தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவில், ஒற்றையறைக் காம்பிராக்கள் பன்னிரண்டை ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய தொழிலாளர் லயத்தின் முதலாவது காம்பிராவில், ஒழுகாத மூலை பார்த்து உட்கார்ந்து எழுதப்பட்டது.

எழுதியவர் மரியநாயகம், தோட்டத்துத் தபால்காரர். டவுனிலிருந்து தோல்பையில் கடிதங்களைச் சுமந்து வந்து தோட்டத்தில் சேர்ப்பது அவருடைய தொழில். பிறருடைய கடிதங்களை இருபத்தெட்டு வருடம் சுமந்த ஒருவர், தமக்கும் யாராவது கடிதம் எழுதமாட்டார்களா என்று ஏங்கினால் அது குற்றமாகாது. அவர் ஜனாதிபதிக்கு எழுதத் தொடங்கினார்.

அந்த ஜனாதிபதியின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. பெயரை எழுதினால் அதற்கு முன்னால் வரவேண்டிய பட்டங்களையும் எழுத வேண்டும்; கதைக்கு இடமிருக்காது.

"தங்கள் சரிதத்தை எழுதிவருகிறேன். ஜனாதிபதி அவர்கள் சிறுவயதில் அம்மை கண்டாரா?" என்று மரியநாயகம் கேட்பார். நான்கு மாதம் கழித்துப் பதில் வரும்: "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. உரிய நடவடிக்கைக்காக உரிய பிரிவுக்கு அனுப்பிவைக்கப்பட்டுள்ளது." அம்மைக்கு உரிய பிரிவு எது என்று அவர் விசாரிக்கவில்லை. தாளின் தலையில் அரசாங்க இலச்சினை இருந்தது, அது போதும். இப்படி நாற்பத்து மூன்று பதில்கள். அவற்றில் கிடைக்காத தகவல்களை, அதாவது எல்லாத் தகவல்களையும், அவர் தாமே நிரப்பிக்கொண்டார். அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் சரிதம் நிறைவெய்தியது. அச்சேறவில்லை. வாசித்தவர் எவருமில்லை. மூன்று வருடத்துக்கு முன் மரியநாயகமும் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அவருடைய மனைவி பவுலினுக்கு ஜனாதிபதிமேல் பக்தியும் இல்லை, பகையும் இல்லை. அவளுக்குப் பகை காற்றோடுதான். சுவர் வெடிப்பு வழியாக வரும் மலைக்காற்றை அடைக்க, கோதுமை மாவில் பசை காய்ச்சிப் பழைய பத்திரிகையை ஒட்டுவது லயத்து வழக்கம். பத்திரிகைத் தாள் ஒரு மழைக்குத் தாங்காது. அரசாங்கத் தாளோ நல்ல தடிப்பம். புருஷன் போன மறுமாதம், நாற்பத்து மூன்று கடிதங்களையும் மேற்குச் சுவரில் வரிசையாக ஒட்டினாள். காற்று நின்றது. அரசாங்கத்தால் தனக்கு விளைந்த நன்மை என்று அவளால் விரல்விட்டுச் சொல்லக்கூடியது அது ஒன்றே.

கூரை வேறு கதை. மகள் ஷிராணி தலைப்பிரசவத்துக்கு ஜூனில் வருகிறாள். ஜூன் மாதத்தில் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் மழை பெய்யும் என்று சொல்வது, மீனுக்கு நீந்தத் தெரியும் என்று சொல்வதற்குச் சமம். பச்சைப்பிள்ளையைக் கிடத்த ஒழுகாத இடம் இரண்டு முழம் வேண்டும், அதுகூட இல்லை. நிர்வாகத்தைக் கேட்டாள். "அது ஒடைக்கப் போற லயம், அதுக்கு யாரு தகரம் போடுவா?" என்றார்கள். அரசாங்கத்தைக் கேட்டாள். "லயம் நிர்வாகத்தினுடையது" என்றார்கள். இரண்டு பதிலும் நியாயமானவை என்பதால் நடுவில் மழை பெய்துகொண்டிருந்தது.

இந்த நிலையில், ஏப்ரல் மாதம், நினைவுப் பத்திரங்கள் பேணல் திணைக்களத்தின் பிரதிப் பணிப்பாளர் துஷாந்த், ஜீப்பில் வந்து இறங்கினார். கைத்தறிச் சட்டை, இரண்டு கைகளிலும் வெள்ளைப் பருத்திக் கையுறை. மேற்படி ஜனாதிபதியின் நூற்றாண்டு நெருங்குகிறது, கண்காட்சி வைக்கவேண்டும், ஆனால் அவருடைய கோப்புகளில் பாதி ஆட்சி மாறிய வாரத்திலும் மீதி மறுபடி மாறிய வாரத்திலும் காணாமற்போயிருந்தன. கொழும்புச் சரிதாசிரியர்கள் எல்லாவற்றையும் தொலைபேசியிலேயே பேசி முடித்திருந்தார்கள். காகிதம் கைவசம் வைத்திருந்தவர் தேசத்திலேயே ஒருவர்தான்.

"அம்மா, சரிதாசிரியர் அவர்களின் தனிப்பட்ட பத்திரங்களும் கடிதத் தொடர்புகளும் எங்கே பேணப்படுகின்றன?"

"காயிதமா சேர்? நீங்க சாஞ்சிருக்கிற செவுத்துலதாங்க."

துஷாந்த் தேள் கொட்டியவர்போல் விலகினார்.

"ஒட்டியா வைத்திருக்கிறீர்கள்?"

"ஒட்டாட்டிப் பறந்துருமே."

அவர் ஒரு கடிதத்தின் ஓரத்தை மெல்ல உரித்துப் பார்த்தார். கடிதம் வரவில்லை, காரை வந்தது. சிறிது நேரம் சட்டத்தை யோசித்தார். கடிதம் குடும்பத்தினுடையது. சுவர் தோட்ட நிர்வாகத்தினுடையது. கடிதத்தை விட்டுச் சுவர் பிரியாது. சுவரை விட்டுக் கடிதம் பிரியாது. ஆகவே பத்திரத்தை இருக்குமிடத்திலேயே பேணவேண்டும்.

"சுற்றறிக்கை பதினான்கின்படி பத்திரத்தின்மேல் நீர் ஒழுகலாகாது. உடனடியாகக் கூரை போடவேண்டும்."

பவுலின் கைகூப்பினாள். "போடுங்க சேர்! ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"சுவருக்கு."

"செவுத்துக்கு மட்டுமா? நாங்களும் அதுக்குக் கீழதான இருக்கோம்?"

"சுற்றறிக்கையில் பத்திரம் என்றுதான் இருக்கிறது அம்மா. ஆட்கள் என்று இல்லை." பிறகு சற்று இரங்கி, "வேறு பத்திரங்கள் உண்டா?" என்றார்.

"இருந்தா என்ன செய்வீங்க?"

"பெட்டியில் இருந்தால் கொழும்புக்குக் கொண்டுபோவோம். சுவரில் இருந்தால் கூரை போடுவோம்."

கட்டிலுக்கடியில் சரிதம் அடைத்த தேயிலைப் பெட்டி இருந்தது. பவுலின் அதைக் காலால் உள்ளே தள்ளினாள்.

"பெட்டியில ஒண்ணுமில்லீங்க," என்றாள். பாவசங்கீர்த்தனத்துக்கு ஃபாதர் எப்படியும் வருவார்.

இரண்டு கிழமையில் மேற்குச் சுவருக்கு மேலே, இரண்டடி அகலத்தில், பளபளவென்று நீலத் தகரம் ஏறியது. பத்திரம் நனையவில்லை. தகரத்தில் விழுந்த மழை வழுக்கி, ஒன்றுசேர்ந்து, காம்பிராவின் நடுவில் அருவியாக இறங்கியது. பக்கத்துக் காம்பிரா ராக்காயி வேடிக்கை பார்க்க வந்தாள். கொழுந்து பறிக்கும் மலையில் அவள் வாய் திறந்தால் மேற்பார்க்கும் கங்காணியே வேறு நிரைக்குப் போய்விடுவார்.

"செவுத்துக்குக் கொட புடிச்சிருக்கான். ஒனக்குப் பைப்பு போட்டுக் குடுத்திருக்கான். இறம்பொடை அருவிக்குப் போறவனெல்லாம் இனி இங்கயே வந்து குளிச்சுட்டுப் போகலாம்டி."

"சிரிக்காம அந்தப் பசைச் சட்டியப் புடிங்க அக்கா," என்றாள் பவுலின்.

அன்று ஞாயிறு. தேயிலைப் பெட்டியைத் திறந்து, முதலாம் பக்கத்திலிருந்து ஒட்ட ஆரம்பித்தாள். ஐம்பத்தொரு பக்கத்தில் மற்ற மூன்று சுவர்களும் நிறைந்தன. பெட்டி அப்போதும் கனத்தது. ராக்காயி பெட்டியையும் பார்த்தாள், சுவரையும் பார்த்தாள், மேலே தகரத்தையும் பார்த்தாள்.

"ஏண்டி பவுலினு, அந்த மனுசன் ஒன் வீட்டுலயே பொறந்து, வளந்து, செத்துப் போகணுமா? எங்க வீட்டுலயும் ரெண்டு வருசம் ஆளட்டுமே!"

பவுலின் கணக்குப் போட்டாள். காம்பிராவுக்கு ஐம்பத்தொன்று வீதம், பன்னிரண்டுக்கும் சரியாக வந்தது. மரியநாயகம் ஆயுளில் செய்த ஒரே துல்லியமான வேலை அதுதான் போலும்.

பங்கீடு சுமுகமாக நடந்தது என்று எழுத ஆசைதான். யூனியன் தலைவர் செல்லசாமி, எட்டாம் காம்பிரா, தம் வீட்டுக்குச் 'சாதனைகள்' அத்தியாயம்தான் வரவேண்டும் என்று நின்று பெற்றுக்கொண்டார். கடைசிக் காம்பிராவுக்கு வெளிநாட்டுப் பயணங்கள் போயின. ராக்காயிக்கு வாய்த்தது, ஜனாதிபதி எதிர்க்கட்சியில் இருந்த காலம்.

"பதவியில இல்லாத மனுசன வச்சு நான் என்ன செய்யிறது? எனக்குத் தகரமும் தரமாட்டான், மரியாதையும் தரமாட்டான்!"

"ஒட்டுங்க அக்கா. அடுத்த தேர்தல்ல வந்துருவாரு."

பொழுது சாய்வதற்குள் லயம் முழுவதும் ஜனாதிபதியாகிவிட்டது. ஒட்டும்போது யாரும் ஒரு வரி வாசிக்கவில்லை. பசை இறுகிவிடுமே.

செவ்வாய்க்கிழமை, போட்ட தகரத்தைப் பார்வையிடத் துஷாந்த் வந்தார். மலைநாட்டில் பசை காய நான்கு நாளாகும். அவர் சுவரைத் தொட்டதும் கையுறை நனைந்தது.

"ஈரம்! எவ்வளவு காலமாக இப்படி?"

"நாங்க பொறந்ததுலருந்தே ஈரந்தாங்க சேர்," என்றார் செல்லசாமி. லயத்தைப் பொறுத்தவரை அது சத்தியம்.

"ஆனால் போன தடவை இந்தச் சுவர்கள் வெறுமையாக இருந்தனவே?"

"போன தடவ நீங்க மேக்குச் செவுத்தத்தான பாத்தீங்க," என்றாள் பவுலின்.

அதுவும் உண்மைதான். அவர் அறிக்கை எழுதினார்: "அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள் கடும் ஈரப்பதத்துக்கு உள்ளாகியுள்ளன. கூரை மிக அவசரம்." மே முடிவதற்குள் பன்னிரண்டு காம்பிராக்களுக்கும் முழுக்க முழுக்க நீலத் தகரம் ஏறியது. ஷிராணி ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை பெற்று வந்தாள். வெளியே வானம் பொத்துக்கொண்டு ஊற்ற, பிள்ளை ஜனாதிபதியின் குழந்தைப் பருவத்துக்கு அடியில் ஒரு பொட்டு ஈரமில்லாமல் உறங்கியது. பவுலின் விடிய விடிய விழித்திருந்து கூரையைப் பார்த்தாள். ஒழுகாத கூரையைப் பார்ப்பதும் ஒரு பொழுதுபோக்கு என்று அதுவரை அவளுக்குத் தெரியாது.

புகழ் பரவியது. கொழும்பிலிருந்து சணல் பை மாட்டிய இளைஞர்கள் வந்து, சுவரோரம் நின்று படம் எடுத்து, "எவ்வளவு அசலாக இருக்கிறது!" என்றார்கள். நுவரெலியாவில் ஒரு ஹோட்டல், சுவரெல்லாம் பழங்கடிதம் ஒட்டிய 'லயன் அறை' ஒன்றைத் திறந்தது. அங்கே கூரை ஒழுகாது. ஒழுகும் சத்தம் மட்டும் ஒலிபெருக்கியில் வரும். விருந்தினர் விரும்பினால் கூட்டலாம், குறைக்கலாம்.

ஜூலையில் துஷாந்த் மறுபடி வந்தார். இம்முறை கையில் ஒரு கோப்பு. செல்லசாமியின் காம்பிராவில் எல்லாரையும் கூட்டினார்.

"நல்ல செய்தி. லயத்துக்குப் பதிலாக அரசாங்கம் கட்டித்தரும் தனி வீட்டுப் பட்டியலில் உங்கள் பன்னிரண்டு குடும்பங்களும் முதலிடத்துக்கு வந்துவிட்டன."

செல்லசாமி சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். "இருவது வருசமா நான் நடந்த நடைங்க!"

"ஆனால் வீடு கொடுப்பதற்கு முன், ஏற்கெனவே வீடு பெற்றவர்களா என்று பார்ப்பது வழமை. அமைச்சு எங்கள் திணைக்களத்தைக் கேட்டது. நாங்கள் பத்திரங்களைப் பரிசோதித்தோம்." கையுறை அணிந்த விரல் பின்சுவரில் ஓரிடத்தில் போய் நின்றது. "பக்கம் முந்நூற்றெண்பத்தெட்டு."

அந்தச் சுவர்களை முதன்முதலாக ஒருவர் வாய்விட்டு வாசித்தார்:

"ஸ்டோனிவேல் மேற்பிரிவில் லயம் ஒழிந்தது. பன்னிரண்டு குடும்பங்களுக்கும் தலா ஏழு பேர்ச் காணியும், உறுதிப்பத்திரமும், ஓட்டு வீடும் ஜனாதிபதி அவர்கள் தமது பொற்கரங்களால் வழங்கினார்கள். மக்கள் ஆனந்தக் கண்ணீர் வடித்தனர்."

பவுலினுக்கு மட்டும் ஒன்று நினைவுக்கு வந்தது. தோட்டத்தில் வீட்டுத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டிவிட்டு ஜனாதிபதி ஹெலிகொப்டரில் ஏறிப் போன அன்று, புருஷன் மேசையில் குனிந்து மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார். "இன்னும் குடுக்கலியே, அதுக்குள்ள என்ன எழுதுறீங்க?" என்று கேட்டாள். "குடுத்துட்டாருன்னு எழுதிட்டா, வெக்கப்பட்டுக் குடுத்துருவாரு," என்றார் மரியநாயகம். ஜனாதிபதிகளைப் பற்றி அறுநூறு பக்கம் எழுதியவருக்கு, அவர்களைப் பற்றி அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

"அது பொய்யிங்க சேர்," என்றார் செல்லசாமி.

துஷாந்த் கோப்பை மூடினார். "நிதானமாகச் சொல்லுங்கள். பொய்யென்றால் இது பத்திரமல்ல. பத்திரமல்லாத ஒன்றுக்கு அரச செலவில் கூரை போட முடியாது. தகரத்தைக் கழற்ற வேண்டிவரும்."

"உண்மைன்னா?" என்றாள் பவுலின்.

"உண்மையென்றால் உங்களுக்கு வீடு கிடைத்துவிட்டது. பட்டியலில் பெயரை வெட்டுவோம். அவ்வளவுதான்."

"அந்த வீடு எங்க சேர் இருக்கு?"

"முந்நூற்றெண்பத்தெட்டாம் பக்கத்தில்."

"அதுல கரண்டு இருக்கா?" என்று கேட்டாள் ராக்காயி.

துஷாந்த் குனிந்து அடுத்த வரியைப் பார்த்தார். "இருக்கிறது. குழாய்த் தண்ணீரும் இருக்கிறது."

"அடேயப்பா! வாஸ்து எப்படி?"

பவுலின் அவளைக் கையால் அமர்த்தினாள். "அப்ப நாங்க இந்த லயத்துல இருக்கிறது எப்படிங்க?"

"இருக்க முடியாது அம்மா, இது இப்போது பத்திரப் பேணகம். வாசகர்களாக வந்து போகலாம். அட்டை தருவோம். வாசகர் எவ்வளவு நேரம் வாசிக்கலாம் என்று சுற்றறிக்கையில் வரையறை இல்லை."

"விடக்கூடாதும்மா," என்று செல்லசாமி குதித்தார். "கோட்டுக்குப் போவோம்!"

"போவோம் தலைவரே. வெயில் காலத்துல," என்றாள் பவுலின்.

வெளியே மழை வலுத்தது. மேலே நீலத் தகரம் படபடத்தது. உள்ளே சொட்டு விழவில்லை. பிள்ளை ஷிராணியின் தோளில் கொட்டாவி விட்டது. பவுலின் அதன் காய்ந்த தலையை ஒருதரம் தடவிப் பார்த்தாள். பிறகு பேனாவை வாங்கி, தனக்கு ஓட்டு வீடும் ஏழு பேர்ச் காணியும் கிடைத்தது, ஆனந்தக் கண்ணீர் வடித்தது உண்மை என்று கையெழுத்திட்டாள். மற்றப் பதினொரு வீட்டாரும் வரிசையில் நின்றார்கள். செல்லசாமி கடைசியாக வந்து, எதிர்ப்பைத் தெரிவிக்கும் விதமாக, இடது கையால் ஒப்பமிட்டார்.

லயத்தில் இருந்த ஐம்பத்தொன்பது பேருக்கும் வாசகர் அட்டை வந்தது. ஐம்பத்தொன்பதாவது வாசகருக்கு வயது இருபத்தாறு நாள்.

அந்த வருட முடிவில் அரசாங்கம் புள்ளிவிவரம் வெளியிட்டது. லயங்களில் வாழும் குடும்பங்கள் பன்னிரண்டு குறைந்திருந்தன. மலையகத்தில் வாசிப்புப் பழக்கம் குறிப்பிடத்தக்க அளவு வளர்ந்திருந்தது. இரண்டையும் பத்திரிகையில் படித்த நாம், "பரவாயில்லையே, நாடு முன்னேறத்தான் செய்கிறது" என்று சொல்லிக்கொண்டு, விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டினோம்.