அறுபத்து மூன்று கைகள்

ரிங்லெட்,
15 ஜூன் 2025.

மதிப்புக்குரிய குகனேஸ்வரன் மாமாவுக்கு, அகிலன் எழுதிக்கொள்வது.

நேற்று, 14 ஜூன் 2025, சனிக்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடம். எஸ்டேட் மண்டபத்தில் இருந்தவர்கள் அறுபத்து மூன்று பேர். தூக்கிய கைகள் அறுபத்து மூன்று. நலம் விசாரிப்பது வழக்கம் என்பதால்: நாங்கள் நலம், நீங்களும் அத்தையும் நலம்தானே? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

புத்ராஜெயாவில் நீங்கள் வேலை பார்க்கும் இலாகா, நாட்டின் வெளியுறவுக் கொள்கையைச் சாதாரண மக்களிடமே கேட்டு எழுதப் போவதாகச் சொல்லி மிஸ் பார்பரா என்ற அதிகாரியை இங்கே அனுப்பியது. ஈப்போக்காரர், தமிழிலேயே பேசினார். தப்பு அவர் மேல் இல்லை. இல்லை, பாதி அவர் மேல்தான். கூட்டம் வைத்த இடம் தினமும் காலையில் ஆள் எண்ணும் பெரட்டு நடக்கிற மண்டபம், வைத்த நேரமும் பெரட்டு முடிகிற நேரம், வருகிறவர்களுக்கு அன்றைய வேலை செய்ததாகப் பேர் விழும் என்று மானேஜர் வேறு சொல்லிவிட்டார், போதாததற்குச் சின்னையா கங்காணி பேர்ப் புத்தகத்தோடு வாசலிலேயே நிற்கிறார். பெரட்டில் கை தூக்காதவன் வேலைக்கு வராதவன். நாலு தலைமுறையாகத் தோளில் ஊறின பழக்கம். அந்த மண்டபத்தில் நின்றுகொண்டு ஒருவர், "சம்மதம்னா கை தூக்குங்க" என்றால் என்ன ஆகும்?

பெரிய நாடுகளின் சண்டையில் நாம் நடுநிலையாக இருக்கலாமா என்றார். அறுபத்து மூன்று. ஏதாவது ஒரு பக்கம் சேர்ந்துகொள்ளலாமா என்றார். அறுபத்து மூன்று. மிஸ் பார்பரா மறுபடியும் எண்ணிவிட்டு, "ரெண்டுக்குமா?" என்று கேட்டார். சின்னையா வாசலில் இருந்தபடியே, "எத்தன வாட்டி வேணும்னாலும் எண்ணிக்குங்கம்மா, எல்லாரும் வந்திருக்காங்க" என்றார்.

மூன்றாவது கேள்விதான் வினை. வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பெர்மிட்டை நிறுத்திவிடலாமா? அறுபத்து மூன்று. அதில் ஒரு கை தீபக்குடையது. தீபக் நேப்பாளி. ஆறு வருஷமாக எங்கள் ஃபேக்டரியில் தேயிலை காயவைக்கும் அடுப்பைப் பார்த்துக்கொள்பவர். ஃபேக்டரி டெக்னீஷியனான நான் மாட்டிய தெர்மாமீட்டர் காட்டுவதற்கு முன்பே சூடு ஏறியது அவர் முகத்தில் தெரியும். அவருடைய பெர்மிட் ஆகஸ்டில் முடிகிறது. தன்னை ஊருக்கு அனுப்பத் தானே கை தூக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஏன்யா என்று கேட்டால், "கை தூக்கலன்னா பேரு போயிடும்லண்ணே" என்கிறார். நம் நாட்டு வெளியுறவுக் கொள்கையில் இப்போது ஒரு வெளிநாட்டுக் கையும் இருக்கிறது. நாளை காலை மிஸ் பார்பராவின் அறிக்கை உங்கள் மேசைக்கு வருமாம்.

எதற்குக் கை தூக்குகிறோம் என்றே தெரியாத இந்தக் கூட்டத்தை நினைத்து எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் இவர்கள் உண்மையில் என்னதான் நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் வந்துவிட்டது. இன்று காலை நோட்டுப் புத்தகத்தோடு, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயன் லயனாகப் போனேன். பத்தொன்பது வீடு. முதலில் சின்னையா.

"என்ன கங்காணி, தீபக்க அனுப்பச் சொல்லிட்டீங்களே?"

"யாரு சொன்னா? அவன் போயிட்டா அடுப்புல நீ போயி நிப்பியா?"

"நேத்து கை தூக்குனீங்கல்ல?"

"அந்தம்மா கருத்தக் கேக்கல தம்பி, கையக் கேட்டுச்சு. குடுத்தோம்லா."

யோகேஸ்வரி அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். சீனாவா அமெரிக்காவா அக்கா என்றேன். "ரெண்டு பேரும் நம்ம தேயிலைய வாங்குறாங்களா?" என்றார். தெரியாது என்றேன். "அது தெரியாமயா என்னையக் கேக்க வந்த? போயி விசாரிச்சுட்டு வா, அப்புறம் சொல்றேன்." லோரி ஓட்டும் புனிதன் கேட்டது இன்னும் மோசம்: "நேப்பாளத்துலயும்தான் தேயிலை இருக்குல்ல? அப்புறம் தீபக் ஏன் இங்க வந்தான்?" மூன்று வருஷம் டிப்ளோமா படித்த நான் தீபக்கிடமே போய்க் கேட்டேன். "இருக்குண்ணே. எங்க வீட்டுக்கு மேலயே எஸ்டேட். ஆனா அங்க பெரட்டு இன்னும் சீக்கிரம், சம்பளம் இன்னும் லேட்டு."

மாமா, பதினோரு வீட்டில் எனக்குப் பதில் கிடைக்கவில்லை, திருப்பிக் கேள்விதான் கிடைத்தது. எல்லாமே உங்கள் இலாகா கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். தீபக் விஷயத்தில் மட்டும் பத்தொன்பது வீட்டிலும் ஒரே பேச்சு: அவர் இங்கேயே இருக்கட்டும். ஆகவே எப்படியாவது அந்த அறிக்கையை நிறுத்துங்கள். யோசிக்காமல் தூக்கின கைக்கெல்லாம் ஒரு நாடு கட்டுப்பட முடியாது.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் மகள் வசுமதி பரீட்சையில் நன்றாகத் தேறட்டும். உங்கள் முழங்கால் வலி, நீங்கள் மாடிப்படி ஏறாமலிருந்தால் குறையும்.

அன்புடன்,
அகிலன்.

பி.கு.: இதை ஈமெயிலில் அனுப்பப் போகும்போது, நான் வீடு வீடாகப் போனதைக் கேள்விப்பட்டு, மானேஜரிடம் என் நம்பர் வாங்கி மிஸ் பார்பரா போன் செய்தார். மூன்று கேள்விக்கும் எதிரே அவர் எழுதியிருப்பது இவ்வளவுதான்: 'வருகை அறுபத்து மூன்று. கருத்து இனிமேல்தான் கேட்க வேண்டும்.' அவர் அம்மா கம்போங் ராஜா பக்கம் கொழுந்து பறித்தவராம். "ரெண்டாவது கேள்வியிலயே புரிஞ்சிடுச்சு தம்பி, நானும் சின்னதுல அம்மாகூட பெரட்டுல நின்னவதான்" என்றார். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் வருகிறார், வீடு வீடாகவே கேட்கப் போகிறாராம். ஆகவே மேலே நான் எழுதிய எதையும் நீங்கள் செய்ய வேண்டாம். போனை வைப்பதற்கு முன் ஒன்று கேட்டார்: "முன்வரிசையில நீல யூனிஃபார்ம் போட்டு ஒருத்தர், மூணு தடவையும் எல்லாருக்கும் முந்திக் கை தூக்குனாரே, அவர் யாரு?"

மாமா, அது நான்தான். இனிச் செய்யப் போவது:

1. தீபக்கை அனுப்ப முதலில் கை தூக்கியவன் நான் என்று அவரிடமே சொல்வது.
2. நம் தேயிலையை யார் வாங்குகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு யோகேஸ்வரி அக்கா வீட்டுக்குப் போவது.
3. அடுத்த சனிக்கிழமை மிஸ் பார்பரா போகும்வரை இரண்டு கையையும் பாக்கெட்டிலேயே வைத்திருப்பது. சின்னையா பேர் கூப்பிட்டால் மட்டும் எடுப்பது.